கட்டாரிக்கு வாக்கப்பட்டவள்

கொஞ்சம் தள்ளி உக்காரு தாயி. சன்னலோரத்த எனக்குக் குடுத்துரு. வெயிலடிச்சாலும் பரவாயில்ல, எனக்குக் காத்து வரணும். பஸ்ஸுல ஏறிப் பழக்கமில்ல பாரு. நாங்க எங்க போனாலும் வில்லுவண்டிதான், நாலு பக்கமும் திரை கட்டி. திரைக்குள்ள இருந்து நான் ஊரைப் பாத்திருக்கேன், ஊரு என்னையப் பாத்ததில்ல. இப்பம் என்னடான்னா அந்தக் கண்டக்டர் பய 'ஏறு ஆச்சி, ஏறு ஆச்சி'ன்னு முதுகுல கைய வச்சுத் தள்ளுதான். யாரு முதுகுல கை வைக்கோம்னு அவனுக்குத் தெரியுமா? தெரியாது. எடுத்துச் சொல்லவும் எனக்குத் தெம்பில்ல.

மருதவனத்து அரமனை கேள்விப்பட்டிருக்கியா? இப்பம் பாதி இடிஞ்சு கெடக்கு. அந்த வீட்டு மூத்த பொண்ணு நான். சங்கரவடிவு நாச்சியார். ஜமீன ஒழிச்சதுக்கு அப்புறமும் பேரு மட்டும் அப்படியே இருக்கு, அத எடுக்க ஒரு சட்டமும் வரல.

வெள்ளச் சேலையும் பையுமா இருக்கியே, நர்சம்மாவா? நல்லதாப் போச்சு. எனக்கு நெஞ்சு வலி உண்டு. வழியில வந்துட்டா நீ பாத்துக்கிடுவ. எதுவர போற? சரி, எங்க போனா என்ன. நான் பாறையடி விலக்குல இறங்கணும். கண்ணசந்துட்டேன்னா எழுப்பி விட்டுரு. ராத்திரி பொட்டுத் தூக்கமில்ல. அம்மாம் பெரிய வீட்டுல ஒத்தையில படுத்து எனக்குப் பழக்கமில்ல பாத்துக்க.

எந்தம்பியக் கூட்டிட்டு வரத்தான் போறேன். தம்பின்னா சின்னப் பய இல்ல, அறுவதத் தாண்டிட்டான். தென்னவராயத் துரைன்னா ஒரு காலத்துல சுத்துப்பட்டு ஊரே எந்திரிச்சு நிக்கும். எனக்கு அவன் தம்பிதான? எங்கம்மா சின்னவனோட பிரசவத்துல கண்ண மூடிட்டாக. ரெண்டு பயலுகளையும் இடுப்புல தூக்கி வளத்தது நான். அவன் இன்னைக்கு வரைக்கும் நான் சோறு போட்டாத்தான் திம்பான்.

நேத்து நான் கோயிலுக்குப் போயிட்டு வாறதுக்குள்ள செருப்ப மாட்டிட்டுக் கிளம்பிட்டான். வாசக் கதவு ஆன்னு தொறந்து கெடக்கு. டீக்கடைக்காரன் சொல்லுதான், 'மகாராசா கைய நீட்டி பஸ்ஸ நிப்பாட்டி ஏறுனாகம்மா, பாறையடிக்குச் சீட்டு வாங்குனாகம்மா'ன்னு. கைய நீட்டினானாம். நடுத்தெருவுல நின்னு. எங்கய்யா இருந்திருந்தா அங்கனயே நெஞ்சு வெடிச்சுச் செத்திருப்பாக.

பாறையடியில யாரு இருக்கான்னு கேக்கியா? அவன் பொண்டாட்டி இருக்கா. பொண்டாட்டின்னு சொல்லுததா வேண்டாமாங்கிறதுலதான் இத்தன வருசக் கோளாறும்.

இரு, மொதல்ல இருந்து சொல்லுதேன். நீ கேட்டுட்டு நீயே சொல்லு, என் பேர்ல எங்க தப்பு இருக்குன்னு.

அவனுக்கு முப்பது வயசுக்கு மேல ஆகியும் கல்யாணம் தகையல. எங்களுக்குச் சமானமான ஜமீன்கள்ல பொண்ணு இல்ல. பொண்ணு இருந்தா ஜாதகம் இல்ல. எனக்கும் அப்படித்தான், சமானமா ஒரு இடம் வரல, இருந்துட்டேன். அதுக்கென்ன இப்பம். அந்த வருசம் சங்கரங்கோயில் ஆடித்தவசுக்குப் போனோம். தேரடியில ஒரு வண்டி அச்சு முறிஞ்சு நிக்கு. அதுக்குள்ள இருந்து ஒரு பொண்ணு குதிச்சு இறங்கி, சேலையத் தூக்கிச் செருகிக்கிட்டு, வண்டிக்காரனோட சேந்து சக்கரத்தத் தூக்கிப் பிடிக்கா. சனம் அத்தனையும் பாக்கு. விசாரிச்சா, பாறையடி ஜமீன் பொண்ணாம். ஆவுடைநாச்சி. பாறையடியெல்லாம் ஒரு ஜமீனா? அந்தத் துரை தானே மம்பட்டியத் தூக்கிட்டு வயலுக்குப் போவாராம். அரமனைன்னு பேரு, முத்தத்துல மாடு கட்டியிருக்கும்.

எந்தம்பி வீட்டுக்கு வந்து ரெண்டு நாளாச் சாப்பிடல. என்னலேன்னு கேட்டா, தரையப் பாத்துக்கிட்டே 'அக்கா, அந்தப் பொண்ணு'ங்கான். அம்புட்டுத்தான். அவன் வாயத் தொறந்து எங்கிட்ட ஒண்ணு கேட்டது அதுதான் மொதத் தடவ. நான் மாட்டேன்னா சொன்னேன்? சொல்லல. சமானமில்லாத எடம்னு தெரிஞ்சும் சரின்னேன். அந்தப் பெரிய மனசு யாருக்கு வரும் சொல்லு.

ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன். நீ அந்த வாசலுக்குப் போகப்படாதுன்னேன். மருதவனத்துத் துரை பாறையடி வாசல்ல மாப்பிள்ளையாப் போயி நின்னா, மத்த ஜமீன்காரங்க பின்னால சிரிப்பாக. அதுக்குத்தான் பெரியவுக ஒரு வழி வச்சிருக்காக. எறங்குன எடத்துல பொண்ணெடுத்தா மாப்பிள்ளை போக மாட்டாக, அவுக இடுப்புல செருகுத கட்டாரி போகும். பல்லக்குல பட்டு விரிச்சு, மாப்பிள்ளையோட கட்டாரிய வச்சு, மேளதாளத்தோட அனுப்பணும். மணையில பொண்ணு பக்கத்துல அந்தக் கட்டாரிய நிப்பாட்டி மால போடணும். மாப்பிள்ளைக்கு அக்கா தங்கச்சி தாலியக் கட்டணும். மாப்பிள்ளையே வந்து கட்டுனதுக்குச் சமம். எங்க வழியில எத்தன பேருக்கு அப்படி நடந்திருக்கு.

அவன் முணுமுணுத்தான். 'நானும் கூட வாரேங்க்கா, பின்னால நிக்கேன்'னான். இது என்ன கூத்தா, பின்னால நின்னு பாக்கதுக்குன்னு ஒரு அதட்டு போட்டேன். அடங்கிட்டான். உள்ள போயி அவன் கட்டாரியத் தொடச்சு எங்கையில குடுத்தான். ரெண்டு கையிலயும் ஏந்திக் குடுத்தான். அவன் மொகத்தப் பாக்கணுமே, எனக்கே ஒரு மாதிரி ஆகிப்போச்சு.

ஆனா அந்தக் கட்டாரி இருந்த இருப்ப நீ பாக்கணும். அதுல அவன் இளநி சீவுவான் தாயி. பிடியில இருந்த சிவப்புக் கல்லு விழுந்து, அந்தக் குழியில மெழுக வச்சு அடைச்சிருக்கான். உறையில பாதி தோலு இல்ல. அதப் போயி பல்லக்குல வச்சா பாறையடிக்காரன் என்ன நெனப்பான்? 'மருதவனம் பெருசுன்னாக, கட்டாரியப் பாத்தா கசாப்புக்கடைக் கத்தி மாதிரில்லா இருக்கு'ன்னு நெனக்க மாட்டானா? சின்னவன் இருக்கானே, கோமதிநாயகம், அவன் கட்டாரி அம்புட்டு அழகா இருக்கும். யானத் தந்தத்துல கிளிமூக்குப் பிடி. வெள்ளி உறை. சோக்காளிப் பய, தெனமும் எண்ணெய் போட்டுத் தொடைப்பான். அன்னைக்கு அவன் வேட்டைக்குப் போயிருந்தான். நான் அத எடுத்துப் பல்லக்குல வச்சுட்டேன். பெரியவனோடத என் பொட்டியில போட்டேன்.

அதுல என்ன இருக்கு? ரெண்டும் எங்கய்யா செஞ்சு போட்டதுதான? ஒரே வீட்டு இரும்புதான? நம்ம கவுரவம் தெரியணும்னு செஞ்சேன். அவன்கிட்டச் சொல்லல. சொல்லுததுக்கு அதுல என்ன இருக்கு?

போயி, மால போட்டு, என் கையால தாலியக் கட்டிக் கூட்டிட்டு வந்தேன். பாறையடியே வாயப் பொளந்து அந்தக் கட்டாரியப் பாத்துச்சு. பொண்ணு கூடக் குனிஞ்சு அந்தக் கிளிமூக்கத்தான் பாத்துக்கிட்டே இருந்தா.

அவ வந்தா பாரு, எங்க வீட்டுக்கு. வந்ததுல இருந்து எனக்குத் தலைவலிதான். படி இறங்கினா தடதடன்னு இறங்குவா. வேலக்காரிகளப் பேரச் சொல்லி, புள்ளைகளெல்லாம் சொகமான்னு கேப்பா. சாப்பாடு நல்லாருந்தா நல்லாருக்குன்னு சத்தம் போட்டுச் சொல்லுவா. எந்தம்பி வாயில்லாப் பூச்சி. எதிர எதிர உக்காந்தா இவன் எலையப் பாப்பான், அவ இவனப் பாப்பா. பொருத்தமே கெடையாது. எனக்கு அப்பமே தெரியும்.

அவன்கிட்ட ஒரு ஆர்மோனியப் பொட்டி உண்டு. மெட்ராஸ்ல இருந்து தருவிச்சது. வாசிக்க வராது. சாயங்காலமானா மாடியில உக்காந்து ஒரே கட்டைய அமுக்கி அமுக்கி எடுப்பான். நாங்க யாரும் ஒண்ணும் சொன்னதில்ல. துரை வாசிக்காக, அம்புட்டுத்தான். இவ வந்த புதுசுல ஒரு நாள் அதக் கேட்டுட்டு கொல்லுன்னு சிரிச்சுட்டா. பொம்பள சிரிப்பு எங்க வீட்டுல முத்தத்தத் தாண்டிக் கேட்டதே கெடையாது. ஆர்மோனியம் சட்டுன்னு நின்னுச்சு. தொலஞ்சா, இவன் கோவிச்சுக்கிட்டான்னு நெனச்சேன்.

மறுநாளு வேணும்னே தப்புத்தப்பா வாசிக்கான். எதுக்கு? அவ சிரிக்கணும்னு. நான் கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன், எனக்குத் தெரியாதா? அப்புறம் பாத்தா, அவளுக்கு அந்தப் பொட்டி வாசிக்கத் தெரியுமாம். அவ கட்டைய அமுக்குதா, இவன் பின்னால துருத்திய ஆட்டுதான். ஒரு பொட்டிக்கு ரெண்டு பேரு. ஜமீன்தாரு பொண்டாட்டிக்குத் துருத்தி போடுதான். எனக்கு வெக்கமாப் போச்சு தாயி. மாடிப்படிக்குக் கீழ நின்னுக்கிட்டே இருப்பேன். யாராவது ஆளுக வந்து பாத்துரக் கூடாதுன்னுதான் நிப்பேன். வேற என்னத்துக்கு?

ஆமா, சந்தோசமாத்தான் இருந்தாக. நான் இல்லைன்னு சொல்லலியே.

அந்த வருசம் ஆயுத பூசை வந்துச்சு. அரமனை ஆயுதம் பூராவும் கழுவிப் பொட்டு வச்சு அம்மன் முன்னால அடுக்கி, பூசை முடிஞ்சதும் அவுகவுக ஆயுதத்த அவுகவுக கையில எடுத்துக் குடுக்கணும். குடுக்குதது நான். பெரியவனுக்கு அந்த இளநிக் கட்டாரியக் குடுத்தேன். சின்னவனுக்குக் கிளிமூக்கக் குடுத்தேன். பின்னால நின்னுக்கிட்டிருந்த இவ, எல்லாரு முன்னாலயும், 'மதினி, மாத்திக் குடுத்துட்டீக. அது அவுகளோடதுல்லா'ன்னா.

நான் கையில தட்டோட இருக்கேன், அப்பந்தான் தீபாராதன முடிஞ்சிருக்கு. 'இல்ல, அது சின்னவனோடது'ன்னுட்டேன். யோசிச்சாச் சொல்லுவாக? வாய்க்கு வந்துருச்சு.

'அப்பம் எங்கழுத்துல தாலி ஏறும்போது பக்கத்துல இருந்தது?'ன்னு கேட்டா.

கோமதிநாயகம் இருக்கானே, அவனுக்கு வாயில கட்டுப்பாடே கெடையாது. 'அடடா, அப்பம் மதினி எனக்குல்லா வாக்கப்பட்டிருக்காக!'ன்னு சொல்லிச் சிரிச்சுட்டான். கொழுந்தன் மதினியக் கேலி பேசுதது எங்க பக்கத்துல சகசந்தான். எல்லாரும் சிரிச்சாக. அவ சிரிக்கல. எந்தம்பியும் சிரிக்கல. அந்தக் கட்டாரியக் கையில வச்சுக்கிட்டு என்னையவே பாத்தான். 'அக்கா, நான் உங்கையில குடுத்தேனே'ன்னான். சத்தம்கூட எழும்பல.

மறுநாளு அவன் படுக்கைய மாடியில இருந்து கீழ கணக்குப் பாக்குத கச்சேரி ரூமுக்கு எடுத்துட்டுப் போயிட்டான். சண்ட இல்ல, சத்தம் இல்ல. சாஸ்திரம் தெரிஞ்ச அய்யரக் கூப்பிட்டுக் கேட்டான். அவரு, கட்டாரி யாருதோ தாலி அவுகளுக்குத்தான்னு ஒரே போடாப் போட்டுட்டாரு. ஒரு பரிகாரம் இருக்கு, மாப்பிள்ளையே நேர்ல நின்னு மறுபடி கட்டிட்டாச் சரியாப் போகும்னாரு. அதுவரைக்கும் தம்பி பொண்டாட்டி மாதிரி, மொகத்தப் பாக்கப்படாதுன்னு இவன் வச்சுக்கிட்டான். அப்படி ஒரு மனுசன். எங்கய்யா வளப்பு. சின்னவனோட அன்னைக்கு விட்ட பேச்சுத்தான். அவனும் ரோசக்காரன், மெட்ராசுக்குப் போனவன் போனவன்தான். செத்த சேதிதான் வந்துச்சு.

அப்பமும் நான் ஒரு நல்ல வழி சொன்னேன். ஊருக்குத் தெரிய வேண்டாம், பூசை ரூம்ல கதவச் சாத்திக்கிட்டு, பெரியவன் கட்டாரிய வச்சு இன்னொருக்க நானே கட்டி விடுதேன், விசயம் முடிஞ்சுச்சுன்னேன். துருவக்கூடத் தேச்சு எடுத்தேன். இதுல என்ன கொற சொல்லு? அந்த ஆவுடை என்ன சொன்னா தெரியுமா? 'மதினி, இனிமே நான் இரும்புக்குக் கழுத்த நீட்ட மாட்டேன். எங்கய்யா வாசலுக்கு அவுக வரட்டும். வந்து நின்னு கேக்கட்டும். அதுவரைக்கும் அங்கதான் இருப்பேன்'னுட்டு, வண்டியக் கட்டச் சொல்லிப் போயிட்டா. போகும்போது கச்சேரி வாசல்ல ஒரு நிமிசம் நின்னா. அவன் உள்ள இருந்தான். வெளிய வரல. நான் நடுவுல நின்னுக்கிட்டிருந்தேன்.

திமிருதான? நீ சொல்லு. வந்து நின்னு கேக்கணுமாம்.

அவன் போகத்தான் நெனச்சான். நான் பொய் சொல்ல மாட்டேன். அந்த வாரமே வண்டியப் பூட்டச் சொன்னான். அன்னைக்குன்னு பாத்து எனக்கு நெஞ்சு வலி வந்துருச்சு. கண்ணு இருட்டி நடுக்கூடத்துல விழுந்துட்டேன். அவன் வண்டிய அவுக்கச் சொல்லிட்டு எங்கால் மாட்டுல உக்காந்துட்டான். அடுத்த மாசம் மறுபடி பூட்டச் சொன்னான். மறுபடியும் வலி. அதென்னமோ தாயி, அந்த வீட்டுல வண்டி பூட்டுத சத்தம் கேட்டாலே எனக்கு நெஞ்ச அடைக்கும். தென்காசி டாக்டரு வந்து பாத்துட்டு ஒண்ணுமில்லைன்னாரு. அவருக்கு என்ன தெரியும்.

அப்புறம் அவன் கேக்கதையே விட்டுட்டான். ஒரு தடவ மட்டும் ஆளு அனுப்பினான், நான் வந்தா ஏத்துக்கிடுவாகளான்னு கேட்டுட்டு வரச் சொல்லி. அந்த ஆள நான் வாசல்ல மறிச்சு, 'போயிட்டு வந்தேன், நாச்சியார் மொகம் குடுக்கலன்னு சொல்லு'ன்னேன். ஏன்னு கேளு. ரெண்டு பேருக்கும் ரோசம் கொஞ்சம் ஆறட்டும், ஆறுனப்புறம் நானே முன்ன நின்னு சேத்து வைக்கலாம்னுதான். ஆறுததுக்கு நாளாகும்ல?

அவளும் சும்மா இல்ல. வருசா வருசம் ஆயுத பூசை கழிஞ்சதும் பேச்சின்னு ஒரு வேலக்காரிய அனுப்புவா. 'துரை வாராகளான்னு நாச்சியார் கேட்டுட்டு வரச் சொன்னாக'ன்னு அவ வந்து நிப்பா. 'துரைக்குச் சௌகரியப்படாது'ன்னு சொல்லி அனுப்பிருவேன். அவன்கிட்டச் சொல்ல மாட்டேன். சொன்னா அவன் மனசு கெடந்து அடிச்சுக்கிடும். நான் இருக்கேம்லா, அவன் மனசு எனக்குத் தெரியாதா?

இரு தாயி, நீ என்னமோ சொல்ல வாற. முடிச்சிருதேன். கொஞ்சந்தான்.

ஜமீன் போச்சு. நெலம் போச்சு. ஆளுக போனாக. வாசக்காவலுக்கு இருந்த கெழவனும் செத்தான். அம்மாம் பெரிய வீட்டுல நானும் அவனும். நான் பொங்குவேன், அவன் திம்பான். ஒரு நாளைக்கு நாலு வார்த்த பேசுனா அதிகம். மழ பேஞ்சா எங்கெங்க ஒழுகும்னு ரெண்டு பேருக்கும் தெரியும், ஆளுக்கொரு பக்கம் பாத்திரத்த வைப்போம். அப்படியே காலம் ஓடிரும்னு நெனச்சேன். ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு.

நேத்து நான் கோயிலுக்குப் போன நேரம் பாத்து அந்தப் பேச்சி வந்திருக்கா. கதவத் தட்டியிருக்கா. தொறக்க ஆளில்ல. ஜமீன்தாரே எந்திரிச்சு வந்து தொறந்திருக்கான். அவ ஆளத் தெரியாம, 'துரை வாராகளான்னு கேட்டுட்டு வரச் சொன்னாகய்யா, வருசா வருசம் வாரேன், இந்த வருசமாவது நல்ல பதிலாச் சொல்லுங்கய்யா'ன்னு இவன்கிட்டயே கேட்டிருக்கா. டீக்கடைக்காரன் எதித்தாப்புல நின்னு கேட்டிருக்கான். இவன் செருப்ப மாட்டினானாம்.

எனக்கு இன்னைக்கு நெஞ்சு வலி வரல பாரு. பஸ்ஸு இம்புட்டு ஆட்டு ஆட்டுது, ஒண்ணும் செய்யல. ஆச்சரியமாத்தான் இருக்கு.

போயி என்ன செய்வேன்னு கேக்கியா? ஒண்ணும் செய்ய மாட்டேன். தெரு மொனையில நின்னு 'தம்பி, வாலே'ன்னு ஒரு சத்தம் குடுத்தா வந்துருவான். அறுவது வருசமா வாரான், இன்னைக்கு வராமலா? மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருவோம். அவள நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். எனக்குச் சண்ட போடத் தெம்பில்ல தாயி. யாரோடயும் இல்ல. படுத்தாப் போதும்னு இருக்கு.

சரி, நீ சொல்லு. அப்பம் புடிச்சு வாயத் தொறக்கதும் மூடுததுமா இருக்கியே.

என்னது?

பாறையடியிலதான் உனக்கு வேலையா? ஏன் தாயி, இத ஏறும்போதே சொல்லுததுக்கு என்ன? நான் எங்க பேச விட்டேன்ங்கியா. அது சரிதான்.

அப்பம் நீ அவளப் பாத்திருப்ப. பிரசர் பாக்கப் போவியா? அவளுக்கும் பிரசர் வந்துருச்சா. நேத்தும் போயிருந்தியா? நேத்துன்னா, எப்பம்? அவன் வந்தப்பமா?

சொல்லு. ஒண்ணையும் மறைக்காத. என்னையப் பாக்காத, முன்னால பாத்துக்கிட்டுச் சொல்லு.

வாசல்ல நின்னானா. உள்ள போகலியா. வெயில்லயா நின்னான்? யாரும் நாக்காலி போடலியா? போட்டும் உக்காரலியா. சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சா. ஆமா, அவனுக்கு வேர்க்கும். அவ வந்தாளா? நீ கையில கட்டியிருந்தத அவுக்க முன்னாலயே எந்திரிச்சுட்டாளா. வந்து? 'வாங்க'ன்னு சொல்லலியா? நெலையப் புடிச்சுக்கிட்டு நின்னாளா. என்ன கேட்டா?

'யாரு அனுப்பினா?'ன்னா?

அதுக்கு அவன் என்ன சொன்னான்?

இன்னொருக்கச் சொல்லு.

'ஒருத்தரும் அனுப்பல. நானே வந்தேன்.'

அப்படியேவா சொன்னான்? உங்காதால கேட்டியா? எந்தம்பியா? தாயி, அவன் 'நானே'ன்னு ஒரு வார்த்த சொல்லி நான் கேட்டதில்ல. 'அக்காகிட்டக் கேட்டுச் சொல்லுதேன்'ம்பான். கலெக்டர்கிட்டயும் அதத்தான் சொன்னான், கணக்குப்பிள்ளகிட்டயும் அதத்தான் சொன்னான். 'நானே'ன்னானா. எப்படிச் சொன்னான்? தலையக் குனிஞ்சுக்கிட்டா? நிமிந்து பாத்தா?

நிமிந்து பாத்தா.

அப்புறம் அவ? அழல. ஒதுங்கி வழி விட்டா. சாயங்காலம் அம்மன் கோயில்ல வச்சு மஞ்சக் கயிறு கட்டினானா. யாரு இருந்தா? நீயும் அந்தப் பேச்சியும் பூசாரியும். மேளம் இல்ல. பந்தல் இல்ல. மருதவனத்துத் துரைக்குக் கல்யாணம், மூணே பேரு. நீ அட்சதை போட்டியா? போட்டியா. நல்லாரு.

என்னைய ஏதாவது கேட்டானா? நீ பொய் சொல்ல வேண்டாம். கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லு.

சரி.

எனக்கு இப்பம் கோவம் வரணும்ல? வரல தாயி. அழுகையும் வரல. எம்புட்டோ நாளாக் கையில தூக்கி வச்சுக்கிட்டே நின்னத யாரோ வாங்கிக்கிட்ட மாதிரி இருக்கு. கையி வலிக்கு. அது இத்தன நாளா வலிச்சது இப்பந்தான் தெரியுது. என்னையத் தேடி ஒருத்தரு அப்படி வெயில்ல வந்து நின்னிருந்தா நானும் வேற மாதிரி இருந்திருப்பேனோ என்னமோ. பொறாமையா இருக்கு. இந்த வயசுல வெக்கமில்லாமச் சொல்லுதேன், பொறாமையாத்தான் இருக்கு.

விலக்கு வந்துருச்சா? விசில் ஊதுதான். நீ எந்திரி. ஏன், எங்கையப் புடிக்க? விடு. நான் இறங்கல. இந்த வண்டி கடைசி ஊருக்குப் போயித் திரும்பும்ல, அதுலயே திரும்பிக்கிடுதேன். எனக்குச் சீட்டு வேணும்னா அந்தக் கண்டக்டர் பய குடுப்பான். நீ போ, வண்டிய நிப்பாட்டி வச்சிருக்கான், திட்டுவான்.

இரு, ஒரு நிமிசம். அவனுக்குக் கத்திரிக்கா ஆகாது. தின்னா மேலெல்லாம் தடிச்சுப் போகும், ஆனா எலையில போட்டா வேண்டாம்னு சொல்ல மாட்டான், பேசாமத் தின்னுட்டுக் கெடப்பான். அவகிட்டச் சொல்லிரு. நீயா டாக்டருக்குப் படிச்சுச் சொல்லுத மாதிரி சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாத.

நான் வரவே இல்ல.